பல்லுக்குப் பல் கட்டுகிறவர்

“காலை ஒசத்து. ஒசத்து. இன்னுங் கொஞ்சம் ஒசத்து. மூக்கால மூச்சு விடு. வாயின்னு ஒண்ணு இருக்கிறதையே மறந்துடு!”

நாற்காலியில் இருக்கிற பெரியவருக்கு வாய் நிறைய மாவு. பல் அச்சு எடுக்கிற மாவு. இளஞ்சிவப்பாக இருக்கும், புதினா மணக்கும், ஆனாலும் குமட்டும். அதைக் குழைத்து ஒரு தகட்டில் அப்பி மேலண்ணத்தோடு அழுத்திப் பிடித்திருக்கிறார் பல்லக்கா. குமட்டல் கிளம்புகிற நேரம் பார்த்து ஆளின் கவனத்தைக் காலுக்கு இழுத்துவிட்டால் வயிறு தானாக அடங்கும் என்பது அவருடைய முப்பது வருஷத்து வைத்தியம். பெரியவர் வலது காலை அந்தரத்தில் நீட்டிக்கொண்டு கண்ணில் நீர் வழிய உட்கார்ந்திருக்கிறார். இரண்டு நிமிஷம் கழித்து ‘பொளக்’ என்று அச்சு கழன்று வருகிறது. “அவ்வளவுதான், முடிஞ்சுது. பிரசவத்தைவிட லேசு” என்கிறார் அக்கா, ஏதோ பெரியவருக்குப் பிரசவம் பழக்கம் என்பதுபோல.

முப்பது வருஷமாக அவர் ‘ஒசத்து’ என்று சொன்னவர் இல்லை. வேறொரு வார்த்தைதான் சொல்லிக்கொண்டிருந்தார். நான்கு மாதத்துக்கு முன் அந்த வார்த்தையைச் சொத்தைப் பல் மாதிரி வாயிலிருந்து பிடுங்கி எறிந்துவிட்டார். அந்தக் கதைக்குப் பிறகு வரலாம்.

பல்லக்கா பல் டாக்டர் இல்லை. டாக்டர்களுக்குப் பல் செய்து கொடுக்கிறவர். செருப்புக் கடைக்கு மேலே மாடியில் வீடு. வீட்டின் முன் அறைதான் பட்டறை; டாக்டர்கள் அனுப்புகிறவர்களுக்கு அச்சு எடுக்க அங்கே பழைய பல் நாற்காலி ஒன்றும் உண்டு. ஜன்னலோரம் நீள மேஜை. அதன்மேல் ஒரு ஸ்பிரிட் விளக்கு, பந்தைப் பாதியாக வெட்டியது மாதிரி ஒரு ரப்பர் கிண்ணம், மெழுகுக் கத்திகள், மெருகு போடுகிற மோட்டார். சுவர் அலமாரியில் ஊரார் வாயெல்லாம் பிளாஸ்டரில் வரிசையாக இளித்துக்கொண்டு நிற்கிறது. புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்ததும் தங்கள் வாயைக் கையால் பொத்திக்கொள்வார்கள். அக்காவுக்கு வயது ஐம்பத்தெட்டு. கண்ணாடியை மூக்கு நுனியில் போட்டுக்கொண்டு அதற்கு மேலாகத்தான் உலகத்தைப் பார்ப்பார். உலகம் என்றால் முதலில் வாய், அப்புறம்தான் முகம். தொலைக்காட்சியில் மந்திரி பேசினால் வீடே பேச்சைக் கேட்கும், அக்கா மட்டும் “செட்டு லூசு. பாரு, ‘ச’ வரும்போதெல்லாம் விசிலடிக்குது” என்பார். கோயிலில் போதகர் பிரசங்கம் பண்ணும்போதும் இதே கதைதான். “இன்னைக்கு என்ன வசனம்?” என்று யாராவது கேட்டால், “அது தெரியாது, ஐயாவுக்குக் கீழ்க்கடைவாயில ஒண்ணு ஆடுது” என்று பதில் வரும்.

ஊருக்கெல்லாம் பல் கட்டுகிற இந்த அம்மாவுக்குத் தன் வாயில் மூன்று கடைவாய்ப்பல் கிடையாது. ஏன் கட்டிக்கொள்ளவில்லை என்றால், “கட்டுறவங்க சரியில்ல, தவணை சொல்லியே ஏமாத்துறாங்க” என்று தன்னையே திட்டிக்கொள்வார்.

வேலையில் ஒரு பிடிவாதம் உண்டு. பல்லை ஒழுங்காக அடுக்க மாட்டார். பழைய போட்டோ ஒன்று கொண்டுவரச் சொல்லி, அதில் இருக்கிற கோணலைப் பார்த்துப் பார்த்து அதே கோணலாக வைப்பார். “ரொம்ப அழகா அடுக்கினா பொய்ப்பல்லுன்னு அதுவே காட்டிக்குடுத்துடும். மனுசன் பல்லுன்னா கொஞ்சம் முன்னபின்ன இருக்கணும்.” தொண்ணூறு வயதுக் கிழவர் ஒருவருக்கு இப்படி ஒரு மாதம் மெனக்கெட்டு ஒரு செட்டுக் கட்டினார். கிழவரின் மகனே, “இன்னும் எத்தனை நாளைக்குப் போடப்போறாரு, சும்மா ஏனோதானோன்னு செய்ங்க அக்கா” என்றான். அக்கா கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார். “நாளைக் கணக்குப் பாத்தா எந்த வாய்க்குத்தான் பல் கட்டுறது? ஒரு வாரம் இருந்தாலும் இருபத்தோரு வேளை சாப்பாடு இருக்குல்ல.”

வீட்டுக்காரர் மின்சார மீட்டர் கணக்கெடுத்து ஓய்வு பெற்றவர். கோயில் கமிட்டிச் செயலாளர். சட்டைப்பையில் எப்போதும் இரண்டு பேனா. சட்டம், ஒழுங்கு, நேரம் மூன்றிலும் கறார். புருஷனும் பெண்டாட்டியும் வாதாடாத நாள் கிடையாது, வாதாடிக்கொண்டே ஒரே தட்டில் ஆப்பிள் நறுக்கித் தின்பார்கள்.

அந்த வீட்டில் நான்கு வருஷத்துக்கு முன் இடி விழுந்தது.

வீட்டுக்காரரின் தங்கைக்கு, அதாவது பல்லக்காவின் நாத்தனாருக்கு, ஒரே மகன். இருபத்து நான்கு வயது. மருந்துக்கடையில் வேலை. கடையை மூடுகிற சமயத்தில் ஓர் ஆள் கத்தியோடு உள்ளே வந்தான். கல்லாவைத் திறக்கச் சொன்னான். திறக்கவும் திறந்தார்கள். அப்படியும் முதலாளியையும் பையனையும் குத்திப் போட்டுவிட்டான். இரண்டு பேரும் ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. ஓடினவனைத் தெருவே சேர்ந்து பிடித்தது. வழக்கு நடந்தது, சாட்சி வந்தது, அவனும் மறுக்கவில்லை. மரண தண்டனை என்று தீர்ப்பானது. கருணை மனு மேலே போயிருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை.

மருமகன் என்றால் பல்லக்காவுக்கு உயிர். பன்னிரண்டு வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து அவன் முன்பல் ஒன்று போனது. அக்காதான் ஒற்றைப் பல் கட்டிப் போட்டார். நாக்கால் அதைத் தள்ளி வெளியே எடுத்துக் காட்டிக் கோயிலில் சின்னப் பிள்ளைகளை அலற வைப்பான் படுபாவி. வளர வளர அதை மூன்று தடவை மாற்றிக் கட்டினார். “என் கை வேலையோடதான் அவன் மண்ணுக்குள்ள போனான்” என்று அக்கா சொல்வார். சொல்லிவிட்டு மோட்டாரைப் போட்டுவிடுவார். அந்தச் சத்தத்தில் அழுதால் யாருக்கும் கேட்காது.

நான்கு மாதத்துக்கு முன் சிறை ஆஸ்பத்திரி டாக்டரிடமிருந்து போன். தெரிந்த டாக்டர்தான், பல வருஷமாகக் கைதிகளுக்குப் பல் கட்ட அக்காவைத்தான் கூப்பிடுகிறார். இந்தத் தடவை குரல் தயங்கியது. “அக்கா, ஒருத்தனுக்கு வாயில ஒரு பல்லும் இல்ல. கஞ்சியைத் தவிர எதுவும் இறங்கலை, வயிறு புண்ணாயிடுச்சு. ஆளு யாருன்னு சொல்லிடுறேன், அப்புறம் வேணாம்னா வேணாம்னு சொல்லிடுங்க. உங்க நாத்தனார் பையன் கேஸு.”

அக்கா போனை வைத்துவிட்டார். இரண்டு நாள் பட்டறையில் விளக்கு ஏற்றவில்லை. அந்த ஆளை அவர் வெறுத்தார், இதில் மறைக்க ஒன்றுமில்லை. இன்றைக்கு அந்த வெறுப்பெல்லாம் துடைத்து எடுத்தாற்போலப் போய்விட்டது என்று எழுதினால் அது பச்சைப் பொய். மூன்றாம் நாள் காலையில் தானே டாக்டருக்குப் போன் போட்டார்.

“வேணாம்னு சொல்லத்தான் போனை எடுத்தேன். ஆனா வேணாம்னு சொல்லிட்டு, ‘ஏன்’னு கேட்டா என்ன சொல்றது? அவன் கெட்டவன்னா? கெட்டவங்களுக்கு எத்தனை செட்டு கட்டியிருக்கேன், காசு குடுக்காம ஓடிப்போனவன் எத்தனை பேரு! சாகப்போறவன்னா? எங்கிட்ட வர்ற பாதிப் பேரு சாகப்போறவங்கதான். கடைசியில பாத்தா, எனக்கு வலிக்குதுங்கிறது ஒண்ணுதான் காரணம். எனக்கு வலிக்குதுன்னா அவனுக்கு ஏன் பல்லு இருக்கக் கூடாது?”

வீட்டுக்காரர் ஆடிப்போனார். “உனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கா? என் தங்கச்சி மூஞ்சியில எப்படி முழிப்பே?”

“அதுதாங்க தெரியலை” என்றார் அக்கா. பேருக்குத்தான் நாத்தனார், உண்மையில் உடன்பிறவாத தங்கை. இருபத்தேழு வருஷமாகக் கோயிலில் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள், ஒரே பாட்டுப்புத்தகத்தில் பாடினவர்கள். பிள்ளையைப் பறிகொடுத்தபிறகு நாத்தனாருக்கு அண்ணி ஒருத்திதான் ஆறுதல். இந்த உறவு போய்விடுமே என்கிற பயம்தான் அக்காவைச் சிறை வாசல் வரைக்கும் பின்னால் பிடித்து இழுத்தது. ஆனாலும் போனார்.

சிறை வாசலில் பையைக் கொட்டிச் சோதித்தார்கள். மெழுகுக் கத்தி கூடாது, ஸ்பிரிட் விளக்கு கூடாது. அச்சு மாவை மோந்து பார்த்த காவலருக்குத் தும்மல் வந்தது. “வாயில போடுறதுய்யா, மூக்குல இல்ல” என்றார் அக்கா. உள்ளே ஆஸ்பத்திரி அறையில் இரும்புக் கட்டில், ஒரு வாளித் தண்ணீர், கதவோரம் இரண்டு காவலர்கள், மேஜையில் டாக்டர். ஸ்டூலில் அந்த ஆள். நாற்பத்தாறு வயது. கன்னம் உள்ளே இழுத்து, எழுபது வயதுக் கிழவனைப் போல இருந்தான். அக்காவைப் பார்த்ததும் எழுந்து நின்றான். யார் வருகிறார் என்று அவனுக்கும் சொல்லியிருந்தார்கள்.

அக்கா அவன் முகத்தைப் பார்க்கவில்லை, வாயைத்தான் பார்த்தார். “அதுதான் நல்லதாப் போச்சு” என்கிறார். “முகத்தைப் பாத்திருந்தா நான் திரும்பி வந்திருப்பேன். வாயை மட்டும் பாத்தேன். ஈறெல்லாம் சுருங்கி, அங்கங்க புண்ணு. பொக்கை வாயில நல்ல வாய், கெட்ட வாய்னு ஒண்ணும் இல்ல.”

வழக்கம்போல மாவைக் குழைத்தார், தகட்டை உள்ளே வைத்து அழுத்தினார். அவனுக்கு உடனே குமட்டியது. தோள் குலுங்கிற்று, கண் பிதுங்கிற்று. அக்காவுக்குத் தொழில் வேகத்தில் இடம், பொருள், ஏவல் எல்லாம் மறந்துபோனது. முப்பது வருஷமாகச் சொல்லிச் சொல்லி நாக்கில் ஊறிய அந்த வார்த்தை கணீரென்று வந்தது: “தூக்கு! தூக்கு! நல்லாத் தூக்கு!”

டாக்டர் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது. காவலர்களில் ஒருவர் கூரையைப் பார்த்தார், இன்னொருவருக்கு இருமலே வந்துவிட்டது. காலை என்ற சொல்லை முன்னால் சேர்க்க மறந்துவிட்டோம் என்பது அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. “காலை... காலைச் சொன்னேன் தம்பி...” என்று குழறினார்.

அந்த ஆளின் தோள் மறுபடி குலுங்கியது. குமட்டல் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். இல்லை, சிரிப்பு. வாய் நிறைய மாவோடு சிரித்து, மாவு மூக்கு வழியாக வந்து, அச்சு நாசமாகி, தகட்டை எடுக்க வேண்டியதாயிற்று. வாயைத் துடைத்துக்கொண்டு பொக்கை வாயால் சொன்னான்: “அந்த வேலையை வேற ஆளுங்க பாத்துக்குவாங்கக்கா. நீங்க பல்லைப் பாருங்க.”

ஐயோ, அதைக் கேட்டு அக்காவும் சிரித்துவிட்டார்! தன் மருமகனைக் குத்தினவனோடு சேர்ந்து ஒரு விநாடி சிரித்துத் தொலைத்துவிட்டார். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லி மறுபடி சிரித்தவர், நடுவிலேயே அழ ஆரம்பித்து, அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை. மறுநாள் முதல் பட்டறையில் ‘ஒசத்து’ வந்தது.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? செய்தி கோயிலுக்குப் போய்விட்டது. புதன்கிழமை வேதபாடக் கூட்டம் அந்த வாரம் பல்லக்கா வீட்டில்தான். நாற்காலி பற்றாமல் போதகர் எப்போதும் பல் நாற்காலியில்தான் உட்காருவார்; உட்கார்ந்ததும் பழக்க தோஷத்தில் லேசாக வாயைத் திறப்பார். அன்று பாடம் வேறு எதுவோ. பேச்சு நேராக மரண தண்டனைக்குப் போய்விட்டது. ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார்தான் தொடங்கினார். நல்ல மனிதர், கொலைகாரனுக்கு இரக்கப்பட்டால் செத்தவனுக்குத் துரோகம் என்று மனசார நம்புகிறவர்.

“கண்ணுக்குக் கண், பல்லுக்குப் பல்லுன்னு வேதத்துல இருக்கா இல்லியா?” என்று அக்காவைப் பார்த்தே கேட்டார்.

அக்கா மூலையில் ஒரு பிளாஸ்டர் அச்சைச் செதுக்கிக்கொண்டிருந்தார். “இருக்கு சார். அதைத்தானே செய்றேன். அவன் பல்லு போச்சு, நான் பல்லு குடுக்கிறேன்.”

கூட்டம் சிரித்தது. வாத்தியார் சிரிக்கவில்லை. வீட்டுக்காரர் பேனாவைத் திருகிக்கொண்டே இடையில் புகுந்தார். “விளையாட்டு இல்ல இது. தனி மனுசன் பழிவாங்கக் கூடாது, சரி. ஆனா அரசாங்கத்துக்குக் கடவுள் சும்மாவா வாளைக் குடுத்திருக்கார்? குத்தம் பண்ணினவன் பயப்படணும். அது பழி இல்ல, நியாயம்.”

“அப்ப அவனைத் தெருவுல பிடிச்சு வச்சு அடிச்சாங்களே, அப்ப அரசாங்கம் எங்கங்க இருந்துச்சு? சேதி கேட்டு ஓடிப்போன நீங்களும்தானே நாலு போட்டீங்க. முன்பல்லு நாலும் அன்னைக்கே போச்சு. மிச்சம்தான் உள்ள போய்ச் சொத்தையாகி விழுந்துது.”

வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் அடித்தது உண்மை. எந்தப் பல் யாருடைய அடியில் போயிற்று என்று யாருக்குத் தெரியும்? போதகர் மதில்மேல் பூனையாக, தம்பியைக் கொன்ற காயீனையே யாரும் கொல்லக் கூடாதென்று கடவுள் அடையாளம் போட்டுக் காப்பாற்றினார் என்று ஒரு பக்கமும், மனித ரத்தம் சிந்தினவன் ரத்தமும் சிந்தப்படும் என்று உலகத்தை அழித்த பெருவெள்ளத்துக்குப் பிறகு சொன்னவரும் அதே கடவுள்தான் என்று மறுபக்கமும் எடுத்து வைத்தார். வாத்தியார் விடவில்லை. கடைசித் துருப்பை இறக்கினார்.

“சிலுவையில ஆண்டவருக்குப் பக்கத்துல ஒரு கள்ளன் தொங்கினான். ஆண்டவர் அவனை மன்னிச்சார். மோட்சம் உண்டுன்னார். ஆனா கீழ இறக்கிவிட்டாரா? இல்லையே! மன்னிப்பு வேற, தண்டனை வேற.”

நல்ல வாதம். அக்கா செதுக்குவதை நிறுத்தினார்.

“இறக்கிவிடலைதான் சார்” என்றார். “அவரும் இறங்கிப் போகலையே. கூடவேதானே தொங்கினாரு.”

சொன்ன பிறகு அக்காவுக்கே சங்கடமாகிவிட்டது. “நீங்க சொல்றதும் சரியா இருக்கலாம் சார். எனக்கு வேதத்தை வச்சு வாதாடத் தெரியாது. காபி போடட்டுமா?” என்று எழுந்து உள்ளே போனார். வென்றுவிட்ட முகம் அவருக்கு இல்லை. ஏனென்றால் அந்தக் கூட்டத்துக்கு நாத்தனார் வரவில்லை. எப்போதும் வருகிறவர்.

அன்றிரவே போன் வந்தது. நாத்தனார் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை.

“கேள்விப்பட்டேன் அண்ணி. அவனைத் தம்பின்னு கூப்பிட்டீங்களாமே?”

“எல்லாரையும் கூப்பிடுற மாதிரி வாயில வந்துடுச்சும்மா.”

“என் பிள்ளையைக் கொன்னவன் உங்களுக்குத் தம்பி. நல்லா இருக்கு. அவன் செத்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும், தெரியுமா?”

இங்கேதான் பல்லக்கா ஒரு தப்புப் பண்ணினார். “வந்தா சரிம்மா. அப்பவும் வரலைன்னா யாரைக் கொல்லச் சொல்லுவே?” என்று கேட்டுவிட்டார். நாக்கில் நரம்பில்லாமல் பேசிவிட்டேனே என்று இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்கிறார்.

“என் பிள்ளை வந்து எங்கிட்ட சொல்லட்டும், ‘அம்மா, அவனை விட்டுடு’ன்னு. நான் விட்டுடுறேன். அதுவரைக்கும் அவன் வாயில வச்ச கையால எனக்கு ஒரு டம்ளர் தண்ணிகூடக் குடுக்காதீங்க.”

பதினைந்து வாரம் நாத்தனார் கோயிலில் பக்கவாட்டுக் கதவோரம் போய் உட்கார்ந்தார். அக்கா பெஞ்சில் தனியாக இருந்தார். வீட்டுக்காரர் இரண்டு பெண்களுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, சாப்பாட்டு மேஜையில் பேசுவதையே நிறுத்திவிட்டார். “இப்பவாவது விட்டுடேன்” என்று ஒருநாள் கெஞ்சினார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பாதி வேலையில விட்டா அவன் வயிறு இன்னும் புண்ணாயிடும்ங்க” என்றார். இந்த அம்மாவிடம் பெரிய பேச்சு எதுவும் கிடையாது, எடுத்த வேலையை விட மாட்டார், அவ்வளவுதான். இதற்குப் பேர் விசுவாசமா, வீம்பா என்று அவரையே கேட்டால், “ரெண்டும் ஒரே கடைச் சரக்கு” என்பார்.

அந்த ஆளிடம் பழைய போட்டோ எதுவும் இல்லை. அவன் பல் எப்படி இருந்தது என்று அவனுக்கே நினைவில்லை. “உங்களுக்குத் தோணுற மாதிரி வைங்கக்கா” என்றான். அக்கா மூன்று தடவை அடுக்கி மூன்று தடவையும் கலைத்தார். ஒரு தடவை அடுக்கி முடித்துத் தள்ளி வைத்துப் பார்த்தால், இடது முன்பல் லேசாக முன்னால் வந்து மருமகனின் சிரிப்பு மாதிரியே இருந்தது. கைதான் அதற்குப் பழகியிருந்தது. பதறிப்போய்க் கலைத்தார். அதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை.

போன செவ்வாய்க்கிழமை பிற்பகல். மறுநாள் சிறைக்குப் போய் அவன் வாயில் வைத்துப் பார்க்க வேண்டும். பல் செட்டு முதலில் மெழுகில்தான் இருக்கும்; மெழுகுத் தட்டில் பல்லைப் பதித்து, வாயில் வைத்து, பேச்சும் கடியும் சரியென்றால்தான் கெட்டியாக வார்ப்பார்கள். மேலே பதினான்கு, கீழே பதினான்கு. அடுக்கி முடித்து மேஜையில் வைத்துவிட்டு அக்கா கையைக் கழுவிக்கொண்டிருந்தார். மாடிப்படியில் காலடி கேட்டது. நாத்தனார்.

வந்தவர் உட்காரவில்லை. “எது அது?” என்றார்.

பொய் சொல்ல வசதி இருந்தது. மேஜையில் நாலைந்து செட்டு இருந்தன. அக்கா விரலை நீட்டிச் சரியானதையே காட்டினார்.

நாத்தனார் மேல்செட்டை எடுத்தார். ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். கட்டை விரல் மெழுகில் அழுந்தியது.

“இதைப் போட்டுக்கிட்டு அவன் என்ன பண்ணுவான்?”

“ரொட்டி திம்பான். பேசுவான்.”

“சிரிப்பானா?”

“சிரிப்பான்மா” என்றார் அக்கா. “அதுக்கும் சேத்துத்தான் கட்டியிருக்கேன்.”

“என் பிள்ளை சிரிக்க மாட்டானே அண்ணி.”

சொன்ன கையோடு வீசி எறிந்தார். மேல்செட்டு சுவரில் பட்டு உடைந்தது. கீழ்செட்டையும் எடுத்துத் தரையில் அடித்தார். பல்லெல்லாம் சிதறி மேஜைக்கு அடியிலும் மோட்டாருக்குப் பின்னாலும் ஓடின. நாத்தனாருக்கு மூச்சு இரைத்தது. திட்டு வரும், சண்டை வரும் என்று காத்து நின்றார்.

“கால்ல செருப்பு இருக்கா? மெழுகு வழுக்கும், பாத்து உக்காரு” என்றார் அக்கா.

நாத்தனார் பின்பக்கமாக நகர்ந்து பல் நாற்காலியில் தொப்பென்று விழுந்தார். அக்கா முழங்கால் முறிகிற சத்தத்தோடு தரையில் இறங்கினார். தவழ்ந்து தவழ்ந்து ஒவ்வொரு பல்லாகப் பொறுக்கி ரப்பர் கிண்ணத்தில் போட்டார். மோட்டாரை நகர்த்தினார், அலமாரிக்கு அடியில் துடைப்பக் குச்சியை விட்டுத் துழாவினார். எண்ணினார். இருபத்தேழு. மறுபடி எண்ணினார். மேல்வரிசை முன்பல் ஒன்று குறைந்தது.

நிமிர்ந்து பார்த்தார். நாத்தனாரின் வலது கை இறுக மூடியிருந்தது. வீசும்போது கட்டை விரல் பட்டு ஒரு பல் பெயர்ந்து கையோடு நின்றுவிட்டது.

அக்காவின் முதுகுக்குப் பின்னால் இருக்கிற டிராயரில் அதே அளவில், அதே நிறத்தில் முன்பற்கள் ஒரு அட்டை நிறைய இருக்கின்றன. கையை நீட்டினால் எட்டும். அவர் டிராயர் பக்கம் திரும்பவில்லை. கொடு என்றும் கேட்கவில்லை. தரையில் அப்படியே நகர்ந்து வந்து நாற்காலிக்கு முன்னால் உட்கார்ந்தார். மெழுகும் தரைத் தூசியும் ஒட்டிய வலது கையைத் திறந்து, உள்ளங்கை மேலே தெரிய, நாத்தனாரின் மடியில் வைத்தார்.

கீழே செருப்புக் கடையில் யாரோ விலை பேசினார்கள். படியேறி வந்த ஒருவர் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார். ஜன்னல் வெயில் மேஜையை விட்டுத் தரைக்கு வந்தது. நாத்தனார் அந்தக் கையைத் தள்ளவும் இல்லை, தன் முஷ்டியைத் திறக்கவும் இல்லை. பல்லக்கா கையை எடுக்கவில்லை.